ரெஜினாவின் கொண்டைப்பூக்கள்

1

என் மகள் ரெஜினாவின் ஆண்டுப் பூசையை அங்கே கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து போனில் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்.

"என்ன பிலோ அக்கா, பிள்ளையின்ட படத்துக்குக் கடைப்பூவா வச்சீங்க? அவள் வாசல் நிறையப் பூ வளத்தவளே!"

மழை அடித்துப் போட்டது என்று சொன்னேன். அது பொய். பூசையில் நன்மை அப்பம் வாங்கிய வாய் காய முன்னம் சொன்ன பொய். அன்று இங்கே வெயில்தான். போனில் பார்த்தவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கும். என்னை மதித்துப் பேசாமல் விட்டிருப்பீர்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவது அதைவிட மெதுவு. இந்தக் கொப்பியில் ஒரு பக்கம் நிரப்ப ஒரு காலைநேரம் போய்விடுகிறது. போகட்டும். இந்த நாட்டில் எனக்கு இருப்பதெல்லாம் காலைநேரம்தான். பிழை இருந்தால் அப்படியே இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம். என் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது டொரொன்டோவுக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் தள்ளிய ஒரு சின்ன நகரம். என் மனிசனைப் பொரளையில் புதைத்துவிட்டு வந்து பதினொரு வருடம். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மருமகன் நேசன், பேத்தி மெலனி, நான். போன வருடம் ஆகஸ்ட் வரைக்கும் நாலு பேர்.

2

அந்தப் பூவை உங்களில் யாரும் கண்டிருக்க மாட்டீர்கள். செடி இடுப்பளவு வளரும். தண்டு சொரசொரவென்று இருக்கும். இதழ் ஊதாவும் ரோசாவும் கலந்த நிறம். பூ முற்ற முற்ற இதழெல்லாம் கீழே தொங்கிவிடும், நடுவில் செம்மஞ்சளாய் ஒரு முள்ளுக் குவியல் மேலே எழும்பி நிற்கும். தலை வாரி முடித்து ஊசி குத்திய கொண்டை மாதிரி. ரெஜினா அதைக் கோன்பிளவர் என்றாள். நான் கொண்டைப்பூ என்றேன். அந்தக் கோடை முடிவதற்குள் அவளும் கொண்டைப்பூ என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இங்கே வீட்டு வாசலில் புல்லை ஒட்ட வெட்டிப் பச்சைப் பாய் விரித்த மாதிரி வைத்திருப்பதுதான் மரியாதை. ஏழு வருடத்துக்கு முன்னம் ஒரு நாள் என் மகள் மண்வெட்டியோடு இறங்கி அந்தப் பாயைக் கிளப்பினாள்.

"என்னடி செய்யிறாய்? சனம் பாக்குது."

"இந்தப் புல்லில ஒரு பூச்சிக்கும் சாப்பாடு இல்லையம்மா. இது இந்த மண்ணின்ட பூ. இதை வச்சா தேனீ வரும், வண்ணாத்திப்பூச்சி வரும், குருவி வரும்."

"மனிசர் வருவினமா?"

"வராட்டி இன்னும் நல்லது."

அவளுக்கு அப்படி ஒரு வாய். தகப்பனுடைய வாய்.

விதையை ஈர மணலில் பிசைந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பெட்டியில் சீனிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் அதைப் பழுதாய்ப்போன ஏதோ என்று குப்பையில் போட்டேன். வேலையால் வந்து, குப்பைப் பைக்குள் கையை விட்டுத் தேடி எடுத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், நிலத்தில் குந்தி இருந்து சிரித்தாள். "குளிர் பட்டாத்தான் இதுக்கு முழிப்பு வரும், அம்மா. எங்களைப் போல இல்லை." முதல் வருடம் வெறும் இலைதான் வந்தது. இதற்காகவா புல்லைக் கிளப்பினாய் என்று கேட்டேன். இரண்டாம் வருடம் மூன்று பூ. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். மதியத்தில் வாசலில் நின்றால் காதுக்குள் ஒரே இரைச்சல். தடித்த வண்டுகள் அந்தக் கொண்டையில் படுத்து நித்திரை கொள்ளும். மழைத் துளி விழுந்தாலும் எழும்பாது.

எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது பூவினால் இல்லை, பூ செத்த பிறகு.

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் விடிந்தும் ஒரு வாசல் கூட்டாமல் கிடந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே பிரேதம் கிடக்கிறது என்று அர்த்தம். சவம் எடுக்கும்வரை விளக்குமாறு தொட மாட்டோம். இங்கே ஒக்டோபர் மாதம் அந்தச் செடியெல்லாம் கறுத்துக் காய்ந்து, தலை மட்டும் நிமிர்ந்து நிற்கும். கீழே சருகு. வருகிறவன் போகிறவன் பார்த்தால் செத்த வீடு என்று நினைக்க மாட்டானா? நான் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரெஜினா பறித்தாள். விளக்குமாற்றை எடுத்தேன். அதையும் பறித்துக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"விதை குருவிக்கு. தண்டு சின்னத் தேனீக்கு, அதுக்குள்ளதான் முட்டை வைக்கும். சருகு பூச்சிக்குப் போர்வை. ஏப்ரல் முடியும்வரை ஒன்றையும் தொடாதீங்க."

"அப்ப எனக்கு என்ன?"

"உங்களுக்கு யன்னல்."

அந்த வருடம் ஸ்னோ கொட்டி ஊரே வெள்ளையான ஒரு நாள், கோடையில் மஞ்சளாய்த் திரிந்த குருவிகள் நிறம் மங்கிப்போய் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கறுத்த கொண்டையில் தொங்கி, தலைகீழாய் நின்று விதையைக் கொத்தியது. வெள்ளை நிலத்தில் மிளகு தூவின மாதிரி உமி விழுந்தது. நான் யன்னலில் நின்றேன். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. ரெஜினா பின்னால் வந்து என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, "இப்ப போய்க் கூட்டுங்க பாப்பம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கூட்டவில்லை. காவல் இருந்தேன்.

போன வருடம் வயிற்றில் வந்த நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசிக் கிழமை பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு பின்னேரம் கண்ணைத் திறந்து, "அம்மா, தலையளை வெட்டிப்போடாதீங்க" என்றாள். எனக்கு உடனே விளங்கியது.

"வெட்டமாட்டன்."

"ஆரையும் வெட்ட விடவும் வேணாம்."

"ஆரடி வந்து வெட்டுறது? நான் வாசல்லதானே இருக்கிறன்."

நான் கொடுத்த வாக்கு அது. வேறு ஒன்றும் அவள் என்னிடம் கேட்கவில்லை. பிள்ளையைப் பாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

3

இப்போது என் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே உள்ளவர்களுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஆனாலும் இளம் பிள்ளைகள் வாசித்தால் தெரியட்டும்.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடென்றால் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்து, சீல் குத்திய ஒரு தாள் வைத்திருக்க வேண்டும். கதவைத் தட்டுவார்கள். "அம்மே, லியாபதிஞ்சி கொலே கோ?" பதிவுத் தாள் எங்கே என்று கேட்பார்கள். உடனே எடுத்துக் காட்ட வேண்டும். என் டின் மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்தது. அதற்குள் அந்தத் தாள், கூப்பன் புத்தகம், ஞானஸ்நானச் சீட்டு, மனிசனுடைய துறைமுக அடையாள அட்டை. அரசாங்கத்தால் வந்த கடுதாசி எதுவென்றாலும் அதற்குள்தான் போகும். வாசிப்பதில்லை. எல்லாம் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். பத்திரமாய் வைப்போம், கேட்டால் காட்டுவோம். நாங்களாய் எடுத்துக்கொண்டு போய் ஒன்றும் கேட்க மாட்டோம். நாங்களாய்ப் போய்க் கேட்டு நன்மை வந்த கதை யாருக்காவது தெரியுமா?

ஒரு நாள் மனிசன் வேலையால் வரும்போது சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன். தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போக எனக்குத் தெரியவில்லை, டின்னோடு ஓடினேன். சார்ஜன் தாளைப் பார்த்தான், சீலைப் பார்த்தான், மனிசனைப் பார்த்தான். "ஹரி அம்மே, பரிஸ்ஸமென் தியாகன்ன" என்று தாளைத் திருப்பித் தந்தான். கவனமாய் வைத்துக்கொள் என்று. மனிசனையும் விட்டான். நான் கவனமாய் வைத்தேன்.

அந்தத் தாளுக்கு நான் பெருவிரல் வைக்கவில்லை. கையெழுத்து வைத்தேன். மனிசன் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி எனக்குப் பழக்கிய இங்கிலீஷ் கையெழுத்து. இங்கிலீஷில் எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் வடிவாய் எழுதுவேன். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து விடுவேன். அடுத்த வாசலில் பெருவிரல் வைத்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கனடா வந்தபோது எல்லாச் சாமானையும் கொடுத்துவிட்டு வந்தேன். டின்னைக் கொண்டுவந்தேன்.

4

இந்த வருடம் ஜூன் மாதம் முடிகிற கிழமை. நேசன் வேலைக்குப் போய்விட்டார். மெலனி மேலே அறையில், காதில் அந்த வயரை மாட்டிக்கொண்டு படிக்கிறாள். நான் வாசல் படியில் இருந்து மொட்டுக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெஜினா இல்லாத முதல் கோடை. யாரும் கவனிக்காமலே செடி நெஞ்சளவு எழும்பி, நடைபாதைக்கும் சரிந்திருந்தது.

ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு இளம் பெண் இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை. சிரித்தாள், நானும் சிரித்தேன். ஏதோ கேட்டாள். "யெஸ், யெஸ்" என்றேன். பூவைக் காட்டிக் கேட்டாள். "மை டோட்டர்" என்றேன். படம் பிடித்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. என் பிள்ளையின் தோட்டம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எழும்பிப் போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செடிகளுக்கு நடுவில் நேராய் நின்றேன். என்னையும் சேர்த்துப் பிடித்தாள்.

பிறகு ஒரு நீட்டுக் கடித உறையைத் தந்தாள். கண்ணாடித் தட்டு மாதிரி ஒன்றை நீட்டி விரலால் கையெழுத்து வைக்கச் சொல்லிக் காட்டினாள். வைத்தேன். வால் சுழித்தேன். "பியூட்டிஃபுல்" என்றாள். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உறையில் நகரசபையின் அடையாளம் இருந்தது. ஒரு மரமும் மூன்று அலையும். அரசாங்கக் கடுதாசி.

என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மாதாவுக்குக் கீழே இருந்த டின்னைத் திறந்து உள்ளே வைத்து மூடினேன்.

பத்துப் படி ஏறினால் மெலனி இருந்தாள். பின்னேரம் நேசன் வந்து எனக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட்டார். சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். உத்தியோகத்தரை நானே தனியாய்ச் சமாளித்தேன், கையெழுத்து வைத்தேன், கடுதாசி பத்திரமாய் இருக்கிறது, கேட்டால் காட்டலாம் என்று எனக்குள் ஒரு பெருமை. சாப்பிட்டு எழும்பும்போது, "இண்டைக்கு ஆராவது வந்தவையா மாமி?" என்று நேசன் கேட்டார். வழக்கமாய்க் கேட்கிற கேள்விதான்.

"ஒருத்தரும் வரயில்லை" என்றேன். அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு கவலை. அந்தக் காலத்தில் மனிசனுக்கும் இப்படித்தான் சொல்வேன்.

5

மூன்று கிழமை கழித்து வந்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். மொட்டெல்லாம் ஊதா காட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பெடியன்கள், காதில் பெரிய மூடி, கையில் நைலோன் நூல் சுழல்கிற மெசின். நான் வெளியே வர முன்னமே தொடங்கிவிட்டார்கள்.

"நோ! நோ!" என்றேன். கேட்கவில்லை. கையை விரித்துக்கொண்டு முன்னால் போனேன். ஒருத்தன் மெசினை நிற்பாட்டி, மரியாதையாய் என் முழங்கையைப் பிடித்துப் படியில் இருத்திவிட்டு, ஒரு தாளைக் காட்டினான். தலைப்பில் மரமும் மூன்று அலையும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுவதும் விளங்கியது. ஒரு எழுத்தும் வாசிக்காமல்.

அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெட்டியதைப் பைகளில் அள்ளினார்கள். கடைசியில் ஒருத்தன் ஒரு தும்புத்தடி எடுத்து, நடைபாதையைச் சுத்தமாய்க் கூட்டினான். ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசல் கூட்டப்பட்டது. தடித்த வண்டு ஒன்று வந்து, கொண்டை இருந்த இடத்து வெறும் காற்றில் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

சத்தம் கேட்டு மெலனி இறங்கி வந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது. தாய் செத்ததில் இருந்து என்னோடு அவள் பேசியது சாப்பிட்டாச்சு, போயிட்டு வாறன், இரண்டும்தான். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், என்னுடைய இங்கிலீஷ் அதுவும் இல்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்க ரெஜினா இருந்தாள். அவள் போன பிறகு ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் கையாட்டிக்கொண்டு திரிந்தோம்.

அன்று அவள் வாசலில் குந்தி இருந்து அழுதாள். ஒரு வருடத்தில் அவள் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். தாயின் பெட்டியை மூடும்போதுகூட அழாத பிள்ளை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"கடிதம் குடுக்காம வெட்ட ஏலாது, அம்மம்மா. லோ இருக்கு, சட்டம். நான் ஃபைட் பண்ணுவன்."

நேசனும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். "ஒரு கடிதமும் வரயில்லை. வந்தா எனக்குத் தெரியாதே? அறிவிக்காம வெட்டினது பிழை எண்டு ஒத்துக்கொண்டா, அவையளே திருப்பி நட்டுத் தரவேணும்."

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். மெலனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேசையில் இருத்தினாள்.

"அம்மா என்ன என்ன நட்டவ? எல்லாம் சொல்லுங்க. நான் எழுதுறன்."

இரண்டு கிழமை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் மடிக்கணினியோடு என் பக்கத்தில் இருந்தாள். எந்தச் செடி எங்கே நின்றது, எந்த வருடம் நட்டது, எந்தக் குருவி வந்தது. நான் கையால் காட்ட, அவள் படம் தேடிக் காட்ட, "இதா? இல்லை இதா?" "அதில்லையடி, வயிறு மஞ்சள், செட்டை கறுப்பு." குளிர்பெட்டியில் விதை வைத்த கதையைச் சொன்னேன். தாய் குப்பைப் பைக்குள் கை விட்டதைச் சொன்னபோது தாயைப் போலவே நிலத்தில் இருந்து சிரித்தாள். ஒரு நாள், "கொண்டைப்பூ எண்டு ஆர் பேர் வச்சது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அந்தப் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் தன் கடிதத்தில் எழுதினாள். நான் வைத்த பெயர் நகரசபைக்குப் போனது.

அந்த இரண்டு கிழமையும் டின் எனக்குப் பின்னால், மாதாவுக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவள் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு வந்தாள்.

6

பூசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நகரசபையின் பதில் வந்தது. அவளுடைய போனுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசித்தவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"அப்பா, பொய் சொல்றாங்கள். கடிதம் குடுத்ததாம். ஆரோ சைன் வச்சதாம். இது ஃபேக்!"

போனை நேசனிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவருக்கு அந்த வால் தெரியும். என் பாஸ்போட்டில் கண்டிருக்கிறார். ஆனால் அவர் வெள்ளவத்தையில் நல்ல வளர்ப்பு வளர்ந்த பிள்ளை. என்னைப் பார்க்காமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மாமி, இது உங்கட இல்லைத்தானே?"

எனக்கு வழி விட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளை இன்னும் ஒரு மாதம் என்னோடு இருந்து சண்டை பிடித்திருப்பாள். ஆனால் அது என் கையெழுத்து. மனிசன் எனக்குப் பழக்கியது. அதை யாருடையதோ என்று நான் எப்படிச் சொல்வது?

"என்டதான்" என்றேன்.

எழும்பிப் போய் டின்னை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். உறை மேலேயே கிடந்தது, திறக்காமல். மெலனி அதைப் பார்க்கவில்லை. போனில் விரலைத் தள்ளிக்கொண்டு நின்றாள். அடுத்த பக்கத்தில் படம் இருந்தது. நெஞ்சளவு செடிகளுக்கு நடுவில் நான், சட்டையை நேராக்கி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

பிறகு உறையைக் கிழித்து வாசித்தாள். எனக்காக மெதுவாய்த் தமிழில் சொன்னாள். இது காடு என்று முறைப்பாடு வந்திருக்கிறது. இது நீங்கள் விரும்பி வளர்க்கிற தோட்டம் என்றால், பின்னால் இருக்கிற தாளில் அடையாளம் போட்டு, கையெழுத்து வைத்து, இருபத்தொரு நாளுக்குள் அனுப்புங்கள். அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள்.

"அவ்வளவுதான், அம்மம்மா. ஒரு டிக். ஒரு சைன்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் மேலதானே இருந்தன். ஏன் காட்டயில்லை?"

"எங்கட ஊரில பிள்ளை, இப்பிடிக் கடுதாசி வந்தா..."

"இது கொட்டாஞ்சேனை இல்லை."

பெயரைச் சரியாய்ச் சொன்னாள், தாய் சொல்கிற மாதிரி. பிறகு கேட்டாள்.

"சரி, அது தெரியாது. வெட்டின பிறகு தெரியும்தானே? டூ வீக்ஸ் எனக்குப் பக்கத்தில இருந்து, நான் எழுத எழுதப் பாத்தீங்க. ஏன்?"

"விடு பிள்ளை" என்றார் நேசன். "மாமியோட கதைக்காத."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவள் அப்படியே செய்தாள்.

அந்த ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நீ பக்கத்தில் இருந்தாயே, அதற்காகத்தான். அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பூசைக்கு நேசன் கடையில் வெள்ளை ரோசா வாங்கினார். நீங்கள் கண்டது அதுதான்.

அடுத்த கிழமை ஒரு லொறி வந்தது. பாய் சுருட்டின மாதிரி புல்லைச் சுருட்டிக் கொண்டுவந்து வாசல் முழுக்க விரித்துவிட்டுப் போனார்கள். நேசன் என்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. காரை நிறுத்தும்போது அந்த வெட்டின அடிக்கட்டைகளைப் பார்க்க அவருக்கு ஏலாமல் இருந்திருக்கும். கொண்டைப்பூவின் வேர் ஆழத்துக்குப் போகும் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். புல்லைக் கிழித்துக்கொண்டு ஒன்றிரண்டு இலை வந்ததைக் கண்டேன். சனிக்கிழமை தோறும் புல்லு வெட்டுகிற மெசின் போகிறது. பிறகு காணவில்லை.

செப்டெம்பரில் மெலனி வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். பெட்டியை ஏற்றிவிட்டு வந்து ஒரு கையால் என்னைக் கட்டிப் பிடித்தாள். மற்றக் கையில் போன். "போயிட்டு வாறன்" என்றாள். போனவுடன் எழுதுவதாய்த் தகப்பனுக்குச் சொன்னாள். எனக்கு எழுத அவளுக்கு மொழி இல்லை.

இப்போது ஒக்டோபர். மஞ்சள் குருவிகள் நிறம் மங்கி வந்துவிட்டன. நேற்று ஐந்து வந்தன. தொங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் புல்லில் இறங்கி, இரண்டு தத்துத் தத்தி, பறந்துவிட்டன. நான் கடையில் வாங்கிய விதையை ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குருவிகள் தின்றன. இவை வரவில்லை.

குருவி போன பிறகு டின்னை எடுத்தேன். பதிவுத் தாள் இருந்தது, சீல் மங்கிவிட்டது. அதற்கு மேலே நகரசபையின் அந்தத் தாள். ஒரு சின்னப் பெட்டி, கீழே ஒரு கோடு, இரண்டும் வெறுமையாய். இங்கே மேசையில், இந்தக் கொப்பி எழுதுகிற பேனையால், பெட்டிக்குள் அடையாளம் போட்டேன். கோட்டில் கையெழுத்து வைத்தேன். மடித்துத் திரும்ப டின்னுக்குள் வைத்து மூடினேன்.

வடிவாய்த்தான் வந்தது. வால்கூடச் சுழித்தேன்.